இருபத்து மூன்று வண்டிகளும் ஒரு நீள நோட்டும்

"நீ அங்க போகாமலே எழுதியிருக்கம்மா" என்றார் இந்த இதழின் ஆசிரியர். மைசூருக்குப் போய்வந்து நான் எழுதிய முதல் கட்டுரையை நான்காக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "ஒரு விலை இல்ல. ஒரு தூரம் இல்ல. பாத்த ஆளுங்க ஒருத்தருக்கும் பேரு இல்ல. இத வீட்ல உக்காந்தே எழுதலாம். இன்னொண்ணு எழுதிக் கொண்டா. அதுவும் இப்படியே இருந்தா மூணாவத நான் பிரிச்சுப் பாக்க மாட்டேன்."

மைசூருக்கு நான் போயிருந்தேன். சாமுண்டி மலைப் படிகளில் ஏறி இறங்கி இரண்டு நாள் காலை ஊன்ற முடியாமல் கிடந்தேன். கால் வலியைக் கட்டுரையோடு குண்டூசி குத்தி அனுப்ப முடியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். நான் எழுதியதை ஒருவர் பொய் என்றால் எனக்குச் சோறு இறங்காது. அன்று மாலையே பதினெட்டு ரூபாய்க்கு நீளமான நோட்டு ஒன்றும் இரண்டு பேனாக்களும் வாங்கினேன்.

பெங்களூர் அடுகோடியில் ஒரு தையல் கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அங்கே பேக்கிங் பிரிவை மேற்பார்வை பார்ப்பவர் கலாவதி. வயது நாற்பத்திரண்டு, பிறந்து வளர்ந்தது ஜீவனஹள்ளி. "சாயந்திரமானா எங்க ரோட்ல வண்டிங்க நிக்கும் பாரு தேனு. காந்தி பஜாரெல்லாம் கிட்ட வர முடியாது. நான் இட்டுனு போறேன். எல்லாரும் நம்மாளுங்க" என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சரி என்றேன். 1999 நவம்பர், மூன்றாம் சனிக்கிழமை.

மாலை 5.40. கம்பெனி வாசலிலிருந்து கிளம்பினோம். மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. தெருவில் எல்லாவற்றையும் ருசி பார்க்க வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது கலாக்காவின் கட்டளை. சிவாஜிநகருக்குப் பேருந்துக் கட்டணம் மூன்றரை ரூபாய். நின்றுகொண்டே போனோம். கலாக்காவுக்கு நடத்துனரைத் தெரிந்திருந்தது, நடத்துனரின் மைத்துனரையும் தெரிந்திருந்தது. மைத்துனருக்கு நடந்த அறுவைச் சிகிச்சையைப் பற்றித் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடித்தார்கள். யாரும் கேட்காமலே எனக்கும் சுருக்கம் சொல்லப்பட்டது.

6.35. சிவாஜிநகர் பேருந்து நிலையத்துக்கு வெளியே அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த சமோசா, ஒன்று இரண்டு ரூபாய். நோட்டைத் திறந்தேன். கலாக்கா அதன்மேல் கையை வைத்தார்.

"இங்க நக்கோ, வேணாம். இதெல்லாம் சாப்ட்டு வயித்த ரொப்பிக்கினு வந்தா நம்ம ஏரியாவுல இன்னா சாப்பிடுவே?"

"ஒண்ணே ஒண்ணுக்கா."

"ஒண்ணும் இல்ல. வா."

டீக்கும் அனுமதி கிடைக்கவில்லை. டீ பசியைக் கொன்றுவிடுமாம். என் பசியைக் கொல்ல டீயெல்லாம் போதாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தார். எவ்வளவு தூரம் என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "ரெண்டரை கிலோமீட்டர்" என்றார். இறங்கும்போது மீட்டர் மூன்றேகால் காட்டியது. எதை எழுதிக்கொள்வது என்று கேட்டேன். "எத வேணா எழுதிக்கோம்மா. காசு மட்டும் மீட்டர் பாத்துக் குடு."

7.10. வாசகர்கள் அந்தச் சாலையை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் ஆரம்பித்து மரக்கடையில் முடிகிறது. என் காலடிக்கு இருநூற்றுப் பத்து. ஒரே பக்கத்தில் வரிசையாக இருபத்து மூன்று வண்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு காஸ் விளக்கு, அதன் இரைச்சல், அதைச் சுற்றிப் பூச்சிகள். மசால் பூரி வண்டியில் பட்டாணிக் குழம்பு அகலமான தவாவில் ஓரங்களில் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. காரம் தடவி வறுத்த கடலையை உடைத்துக் காகிதக் கூம்பில் கட்டினார் ஒருவர். பச்சை மிளகாயை வகிர்ந்து மாவில் முக்கி எடுத்த பஜ்ஜி ஒன்று ஒரு ரூபாய். கடைசி வண்டியிலிருந்து ஆட்டுக்குடல் போட்டி வறுக்கும் மணம் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வந்தது. கலாக்கா சொன்னதில் மிகை ஏதும் இல்லை. இதை அவரிடம் சொல்லவில்லை.

முதல் வண்டி பஜ்ஜி போடும் சேகருடையது. என் ஆசிரியரை மனத்தில் நிறுத்திக்கொண்டு ஒழுங்காகக் கேட்டேன். பெயர் என்ன? எத்தனை வருடமாக இங்கே நிற்கிறீர்கள்? வீடு எங்கே? வண்டி சொந்தமா? என்ன எண்ணெய்? தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள்?

முதல் கேள்விக்குச் சேகர் சிரித்தார். இரண்டாவதற்குச் சிரிப்பு நின்றது. மூன்றாவதற்கு அடுப்பைத் தணித்தார்.

"வண்டி என்து இல்ல மேடம். எங்க மாமனுது. அவரு ஊருக்குப் போயிருக்காரு. நான் சும்மா நிக்கிறேன்."

எழுதிக்கொண்டேன். மசால் பூரிக்காரரிடம் போனேன். அவர் வண்டியும் மாமனுடையது. கடலைக்காரருக்கு அந்த வண்டி யாருடையது என்றே தெரியவில்லை. பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தபோது சேகரின் விளக்கு அணைந்திருந்தது. பிறகு அதற்கு அடுத்தது. பிறகு வரிசையாக, எங்களைவிட வேகமாக, மரக்கடைப் பக்கம் வரை அணைந்துகொண்டே போயிற்று. இருட்டில் சக்கரங்கள் கடகடத்தன. பாதி சாப்பிட்ட தட்டோடு ஒரு ஆள், "மீதி சில்லறை குடுப்பா" என்று மசால் பூரி வண்டிக்குப் பின்னால் ஓடினார்.

கலாக்கா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இன்னா கேட்டே அவன்கிட்ட?"

"பேரு, ஊரு, எண்ணெய்."

"எண்ணெயப் போய் எதுக்குக் கேட்டே? பஜ்ஜியத் தின்னா எண்ணெய் தெரிஞ்சிடப் போவுது."

7.30. ஒரே ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. போட்டி வறுக்கும் வண்டி. அதன் ஒரு பக்கச் சக்கரம் உடைந்து செங்கல்லின்மேல் நின்றதால் ஓட முடியவில்லை. அதை நடத்துபவர் ஜெயம்மா, ஐம்பது வயதிருக்கும். கரண்டியைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தார்.

"வா மேடம். என்தையும் எழுதிக்க. சக்கரம் இல்ல, நான் எங்க ஓடறது?"

அப்போதுதான் விஷயம் புரிந்தது. முந்தைய மாதம் பக்கத்துச் சாலைக்கு இரண்டு பேர் நீளமான நோட்டோடு வந்தார்களாம். எந்த ஆபீஸ் என்று யாருக்கும் தெரியாது. பேர், வீடு, வண்டி யாருடையது, தண்ணீர் எங்கே என்று கேட்டார்களாம். நான்காம் நாள் லாரி வந்து வண்டிகளைத் தூக்கிப்போயிற்று. ஜெயம்மா கரண்டியால் என் கழுத்தைக் காட்டினார். கம்பெனி அடையாள அட்டையைக் கழற்ற மறந்து, நாடாவோடு தொங்கவிட்டுக்கொண்டே வந்திருந்தேன்.

"நான் ஆபீஸர் இல்லக்கா. பத்திரிகைக்கு எழுதறேன். சாப்பாட்டப் பத்தி."

ஜெயம்மாவுக்கு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"அப்ப பேரு எழுத வரலியா?"

எழுதினால் லாரி வரும் என்பது ஒரு பேச்சு. பேர் எழுதிக்கொண்டவர்களுக்கு மைதானத்துச் சுவரோரம் இடம் கிடைக்கப்போகிறது, பட்டியலில் இல்லாதவர்கள் இனி எங்கேயும் நிற்க முடியாது என்பது இன்னொரு பேச்சு. தூக்கப்பட்ட வண்டிக்காரர்களில் சிலருக்கு இடம் கிடைத்துவிட்டது என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். "எழுதினாலும் பயம், எழுதாங்காட்டியும் பயம். ஓடறதுக்குக் காலு இருக்கறவன் ஓடறான். நான் இருபது வருசமா இந்தக் கம்பத்தாண்டதான் நிக்கிறேன். எங்கியாச்சும் ஒரு காயிதத்துல என் பேரு இருக்கணும்ல?"

இதற்குள் என் வழிகாட்டி கலாக்கா வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். மரக்கடைப் பக்கம் திரும்பி வாய்மேல் இரண்டு கையையும் குவித்தார்.

"டேய் சேகரு! பேரு எழுதறாங்கடா! இடம் குடுக்கத்தான் எழுதறாங்க, வாங்கடா!"

"அக்கா, என்ன பண்றீங்க?"

"உனக்கு பஜ்ஜி வேணுமா, வேணாவா?"

7.50. வந்தார்கள். ஓடிய வேகத்தைவிட அதிக வேகத்தில் வந்தார்கள். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, மின்சார ரசீது எல்லாம் கையில் இருந்தன. சேகரின் மாமன் ஊரிலிருந்து அரைமணி நேரத்தில் திரும்பிவிட்டதுபோல, வண்டி இப்போது சேகருடையதாகவே இருந்தது. கலாக்கா அவர்களை வரிசையில் நிறுத்தினார். ஒரு முக்காலி வந்தது, அதன்மேல் நான் உட்காரவைக்கப்பட்டேன்.

நான் அதிகாரி இல்லை என்று மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை எழுந்து நின்று உரக்கச் சொன்னேன்.

"எல்லா ஆபீஸருங்களும் மொதல்ல அப்படித்தான் சொல்வாங்க" என்றார் கடலைக்காரர், பின்னால் நின்றவரிடம். "பேரக் கரெக்டா சொல்லு. அப்பா பேரும் சொல்லு."

மிளகாய் பஜ்ஜி மாவில் ஓமம் போடுகிறீர்களா என்று சேகரிடம் கேட்டேன். "மொதல்ல பேரு எழுதினியாம்மா? படிச்சுக் காட்டு" என்றார். படித்துக் காட்டினேன். ஓமத்தைப் பற்றி இன்றுவரை தெரியாது. ஒருவர் சந்தாபுராவில் வண்டி வைத்திருக்கும் தன் தம்பியையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அது இருபது கிலோமீட்டருக்கு அப்பால், வேறு தாலுகா என்றேன். "இருக்கட்டும் மேடம், கடைசியில சின்னதா எழுதுங்க." இன்னும் வண்டி வாங்காதவர்கள் ஐந்து பேர், வாங்கப்போகும் வண்டிக்காகப் பேர் கொடுத்தார்கள். வண்டிகள் இருபத்து மூன்று, பெயர்கள் இருபத்தொன்பது. ஒவ்வொன்றையும் முத்துமுத்தாக எழுதினேன். கோபத்திலும் என் கையெழுத்து கெடாது.

8.45. எல்லா விளக்குகளும் மறுபடி எரிந்தன. வரிசை கலைந்து வியாபாரம் நடந்தது. ஆபீஸருக்குக் கொடுப்பதாக நினைத்து நான்கு வண்டிகள் பஜ்ஜியும் மசால் பூரியும் இலவசமாக நீட்டின. பசி காதை அடைத்தது. அந்தத் தட்டுகளை வாங்க என்னால் முடியவில்லை. அடுத்த வண்டிக்குப் போய்க் காசு கொடுத்து வாங்க முயன்றால் யாரும் காசு வாங்கமாட்டேன் என்றார்கள். கலாக்கா எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிட்டார்.

காசு வாங்கியவர் ஜெயம்மா ஒருவர்தான். போட்டி ஒரு தட்டு ஆறு ரூபாய், தோசை ஒன்று ஒன்றரை. எங்கள் ஊரில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையும் இதுதான், ஆனால் அம்மா தேங்காய் அரைப்பார். இதில் தேங்காய் இல்லை. மிளகும் சோம்பும் கரகரப்பாக இடித்துப் போட்டு, ஓரம் முறுகும் வரை விட்டு, இறக்கும்போது ஒரு கைப்பிடி கொத்தமல்லி. நான்கு தோசை சாப்பிட்டேன். கேட்காமலே அவர் அளவுகளைச் சொன்னார். நோட்டில் எழுதினேன்.

சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து கேட்டார்.

"நீ ஆபீஸரு இல்ல, அது எனக்குத் தெரியும். இந்தப் பேருங்கள்லாம் இப்ப எங்க போவும்மா?"

"கட்டுரையில வரும்க்கா."

"கட்டுரையில வந்தா வண்டியத் தூக்கமாட்டாங்களா?"

கை கழுவ எழுந்துவிட்டேன்.

9.20. திரும்பும் ஆட்டோவில் கலாக்காவிடம் சண்டை போட்டேன். இருபத்தொன்பது பேரை ஏமாற்றிவிட்டோம் என்றேன்.

"நானா நோட்ட எடுத்தாந்தேன்? நானா அட்டைய மாட்டிக்கினு வந்தேன்? ஓடிப்போனவங்களத் திருப்பிக் கூப்ட்டு வியாபாரம் பண்ணவெச்சேன். அவங்கவங்க மாவு மிச்சமாகாம வித்துச்சு. சொல்ப யோசி."

"அவங்க நம்பிட்டாங்கக்கா."

"அதான் இன்னா பண்றதுன்னு படிச்ச நீ சொல்லு. நான் ஒன்பதாவது ஃபெயிலு."

எங்கள் ஊர் வாரச் சந்தைக்கும் நோட்டோடு ஒருவர் வருவார். சுங்கத்துக்கு ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். அங்கே நோட்டைக் கண்டு யாரும் ஓடியதில்லை, நோட்டுக்காக யாரும் ஓடி வந்ததும் இல்லை. அடுகோடியில் விடுதிக் கதவைத் தட்டும்போது மணி 10.05. என் நோட்டில் ஆசிரியர் கேட்டதெல்லாம் இருந்தது. தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை மாலை வேலை முடிந்ததும் கம்பெனிக் கம்ப்யூட்டரிலேயே பட்டியலை ஆங்கிலத்தில் அடித்தேன். சந்தாபுராத் தம்பியையும் வண்டியில்லாத ஐவரையும் நீக்கினேன். மேலே ஒரு பக்கக் கடிதம்: இவர்கள் இந்தச் சாலையில் இத்தனை ஆண்டுகளாக வியாபாரம் செய்கிறார்கள், இடம் ஒதுக்கும் பட்டியல் ஏதும் இருந்தால் இவர்களைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்து வார்டு அலுவலகத்துக்குப் போனேன். முக்கால் மணிநேரம் நின்றபின் எழுத்தர் வாங்கிப் படித்தார். நீங்கள் இவர்களுடைய சங்கமா என்று கேட்டார். இல்லை, எழுதிக் கொடுத்தவள் என்றேன். அப்படியானால் கீழே அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டேன். பிறகு அவர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். பாதிதான் புரிந்தது. மீதியை மேசையின்மேல் விரலால் ஒரு கட்டம் போட்டுக் காட்டினார்: வண்டிக்கு வண்டி நீளம், அகலம், பக்கத்து விளக்குக் கம்பத்திலிருந்து தூரம். அது இல்லாமல் முத்திரை போட முடியாது.

காகிதங்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எதிரே இருந்த ஹார்டுவேர் கடையில் ஐந்து மீட்டர் டேப் முப்பத்தைந்து ரூபாய். வாங்கினேன். சனிக்கிழமை வேலை முடிந்ததும் அதன் மறுமுனையைப் பிடிக்கக் கலாக்கா வர வேண்டும் என்று பேக்கிங் பிரிவில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அன்று இருபத்திரண்டு வண்டிகளை அளந்தால் போதும். ஜெயம்மாவுடையதை நேற்றே அளந்துவிட்டேன். ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார். நீளம் ஐந்தரை அடி, அகலம் மூன்று, கம்பத்திலிருந்து பதினொன்று.