நிரப்பக் கூடாத பீப்பாய்

ரோஷ்-க்ரூஸ் திராட்சைத் தோட்டத்துப் பரண் அறையின் பீப்பாய்களை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கவனித்துக்கொண்டவள் ஓர்தான்ஸ். மஞ்சள் ஒயின் விஷயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான் என்று ஜுரா மலையடிவாரம் முழுக்கப் பேச்சு. அப்படிப்பட்டவள் அந்தப் பரணில் முதன்முதலாகச் செய்த காரியம், நல்லதொரு பீப்பாயைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கியது.

அவள் பிறந்தது பர்கண்டியில். சமவெளியைத் தாண்டினால் வந்துவிடும் தூரம்தான், ஆனால் ஜுராக்காரர்களைக் கேட்டால் அது வேறு நாடு. அவள் அப்பா அங்கே ஒரு தோட்டத்தின் நிலவறையில் வேலை பார்த்தார். அந்த ஊரில் ஒயினுக்குக் காற்றுதான் எமன். பீப்பாயில் ஒயின் கொஞ்சம் இறங்கினாலும் மூக்கு நீண்ட கேனைத் தூக்கிக்கொண்டு போய் வாய்வரை நிரப்பிவிட வேண்டும். குறைப் பீப்பாய் வைத்திருப்பவன் வீட்டில் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள். ஓர்தான்ஸ் நடக்கக் கற்றுக்கொண்டதே அந்தக் கேனைப் பிடித்துக்கொண்டுதான் என்று அவள் அம்மா சொல்வாள்.

பழைய பீப்பாய் வாங்க ரோஷ்-க்ரூஸிலிருந்து லாரியில் வந்த பெர்னான் அவளைப் பார்த்தான். பீப்பாய் வாங்கப் போனவன் பெண்டாட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்தான் என்று ஊரே சிரித்தது. பெர்னான் நல்லவன், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன். அதுதான் அவனிடமிருந்த ஒரே தொல்லையும்.

வீட்டில் இருந்த மூன்றாவது ஆள் மாமனார் ஒனேசிம். அவர் மனைவி போய்ச் சேர்ந்து பல காலம் ஆகியிருந்தது. தோட்டம் இருந்த சரிவு அவருடைய தாத்தா வாங்கியது. அப்பா காலத்தில் வேரைத் தின்னும் பூச்சி வந்து கொடிகளையெல்லாம் கொன்றது. ஊரில் பாதிப் பேர் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். அவர் அப்பா மட்டும் போக மறுத்து, அந்தப் பூச்சிக்கு அசையாத அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டி எல்லாவற்றையும் மறுபடி நட்டார். பூட்ஸைப் பிடித்தால் விடாத சாம்பல் களிமண் அது. அந்தக் குடும்பத்தின் பிடிவாதமும் அந்த மண்ணைப் போலத்தான்.

அன்றாடம் குடிக்கிற வெளிர் சிவப்பும் வெள்ளையும் கீழே நிலவறையில் இருக்கும். அங்கே பீப்பாய்களை பர்கண்டியில் போலவே நிரப்பினார்கள். மேலே பரணில் மஞ்சள் ஒயின். அங்கே கிழவர் யாரையும் ஏற விடுவதில்லை. ஏன் என்று ஓர்தான்ஸ் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

அவள் வந்த முதல் குளிர்காலத்தில் ஒனேசிம் குடலிறக்க அறுவைக்காக நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். கூரையில் ஓடு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஓர்தான்ஸ் பரணில் ஏறினாள். ஏறியவள் ஒரு பீப்பாயைத் தட்டிப் பார்த்தாள். பழகிய கை சும்மா இருக்குமா? உள்ளே பொள்ளென்று சத்தம் கேட்டது. அடைப்பைத் திறந்தாள். கால்வாசி காலி. மேலே சாம்பல் நிறத்தில், பாலேடு போல ஏதோ படர்ந்திருந்தது.

பாவம், மாமாவுக்கு வயதாகிவிட்டது, முடியவில்லை என்று சொல்ல வெட்கப்படுகிறார் என்று அவளுக்கு மனசு இளகிப்போனது. கரண்டியைக் கொண்டுவந்து அந்த ஏட்டை முழுக்க வழித்து எறிந்தாள். கீழேயிருந்து வெள்ளை ஒயினைச் சுமந்துவந்து வாய்வரை நிரப்பினாள். ஒன்றை முடித்தாயிற்று, மற்றதை நாளைக்கு நிரப்புகிறேன் என்று இரவுச் சாப்பாட்டில் பெருமையாகச் சொன்னாள். பெர்னான் கையிலிருந்த ரொட்டி சூப்பில் விழுந்தது.

அந்த ஏடுதான் மஞ்சள் ஒயினைச் செய்கிறது. பீப்பாய் குறைந்துகொண்டே போக வேண்டும், ஏடு கலையாமல் ஆறு ஆண்டுகள் கிடக்க வேண்டும், யாரும் நிரப்பக் கூடாது. அவள் கைவைத்தது நான்கு ஆண்டுகள் முடிந்த பீப்பாய்.

கிழவர் வீடு திரும்பிய அன்று, சாப்பாட்டு மேஜையில் பெர்னான் முந்திக்கொண்டான்.

"அப்பா, மேல மூணாவது பீப்பாய் தானா கெட்டுப்போச்சு. ஏடு கலைஞ்சு விழுந்துருச்சு."

அப்படி நடப்பதுண்டு, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஓர்தான்ஸ் குறுக்கே பேசினாள்.

"தானா கெடல மாமா. நான்தான் கெடுத்தேன். ஏட்ட வழிச்சுப் போட்டுட்டு, வாய்வரைக்கும் ஊத்திட்டேன்."

"வழிச்சியா?"

"கரண்டியால மாமா."

"கரண்டியால!" கிழவர் மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "அடி பர்கண்டிக்காரி, இனி அந்தப் படியில உன் கால் படக் கூடாது."

அவளும் ஏறவில்லை. கொடி கவாத்து, கம்பியில் கட்டுவது, அறுவடைக்காரர்களுக்குச் சமையல் என்று வருஷங்கள் ஓடின. கிழவர் விடுவாரா? சூப் பரிமாறும்போதெல்லாம், "வாய்வரைக்கும் ஊத்து, உனக்குத்தான் பழக்கமாச்சே" என்பார். "ஏடு இருந்தா சொல்லுங்க மாமா, வழிச்சுட்டு ஊத்தறேன்" என்பாள் அவள். இந்தச் சண்டை இல்லாத நாளில் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்காது.

பிறகு ஒரு வசந்தத்தில் பனி வந்து துளிரையெல்லாம் கருக்கியது. மிஞ்சியதை, ஊரில் எல்லோரும் அறுத்து முடித்த பிறகு, நவம்பரில் ஒனேசிம் தன் கையாலேயே பறித்தார். ஒரே ஒரு பீப்பாய் தேறியது. அதைப் பரணில் ஏற்றிய குளிர்காலத்திலேயே பக்கவாதம் வந்து அவர் வலது காலைக் கொண்டுபோனது. கூடவே வாசனையையும் ருசியையும் கொண்டுபோனது. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அவர் வாயில் ஒன்றாகிவிட்டன.

அதன்பின் பரணுக்குப் போனவன் பெர்னான்தான். இறங்கி வரும்போதெல்லாம் கிழவர் கேட்பார்.

"என் பீப்பாய் எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்குப்பா."

அந்தப் பீப்பாய்க்கு ஆறு ஆண்டுகள் முடிந்த குளிர்காலம் வந்தது. ஜனவரியில், திராட்சைக்காரர்களின் காவலரான புனித வின்சென்ட் திருநாள் விருந்து அந்த முறை ரோஷ்-க்ரூஸ் வீட்டுக்கு வந்தது. ஊரின் திராட்சைக்காரர்கள் அத்தனை பேரும் வருவார்கள். என் கடைசி ஒயினை ஊற்றுவேன் என்று கிழவர் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். விருந்துக்கு ஒரு வாரம் முன்பு ஓர்தான்ஸைக் கூப்பிட்டார்.

"நீ மேல போயி ருசி பாத்துட்டு வா."

"நானா? என் கால் படக் கூடாதுன்னீங்களே மாமா."

"கால் படட்டும். கரண்டிய கீழ வெச்சுட்டுப் போ."

ஏறினாள். பீப்பாயின் பக்கவாட்டில் இருந்த சின்ன மர முளையைப் பிடுங்கி டம்ளரில் பிடித்தாள். டம்ளர் மூக்குக்கு வருவதற்குள் வாடை வந்துவிட்டது. அசல் வினிகர். இது நேற்றுக் கெட்டதில்லை.

படியின் நடுவில் பெர்னான் வெளுத்த முகத்தோடு நின்றிருந்தான்.

"நல்லா இருக்குன்னு சொல்லிடு. விருந்துக்கு வேற மஞ்சள் ஒயின ஊத்திக்கலாம். அவருக்கு ருசியா தெரியப்போவுது?"

"உங்களுக்கு எப்பருந்து தெரியும்?"

"ரெண்டு வருஷமா. சொல்ல மனசு வரல. இதுக்காகத்தான மனுஷன் உசுர வெச்சுக்கிட்டு இருக்காரு."

அவன் சொன்னது உண்மை. அதுதான் அவளைக் கொன்றது. அன்றைக்குத் தான் கெடுத்ததைச் சொல்வது சுலபமாக இருந்தது, திட்டு அவளுக்குத்தானே விழும். இன்றைக்கு அடி விழப்போவது கிழவருக்கு. தன்னைப் பெற்ற அப்பாவிடம்கூட அவளுக்கு இத்தனை பிரியம் இருந்ததில்லை. டம்ளரோடு இறங்கினாள்.

"எப்படி இருக்கு?" என்றார் ஒனேசிம்.

"போச்சு மாமா. வினிகராயிடுச்சு."

கிழவர் கையை நீட்டினார். டம்ளரை வாங்கிப் பாதியைத் தண்ணீர் குடிப்பதுபோலக் குடித்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்று மகனிடம் நீட்டினார். "நீ குடி."

பெர்னான் குடித்தான். கண்ணில் நீர் முட்டியது.

"சொல்லு."

"நல்லா இல்லப்பா."

"இதத்தான்டா கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார் கிழவர். "ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலச் சொன்னா அது பதிலாடா?" பிறகு ஓர்தான்ஸ் பக்கம் திரும்பினார். "நாளையிலேருந்து பரணுக்கு நீயே போ." அதற்குமேல் பேச முடியாமல் அழுதார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

விருந்தன்று, தன் பீப்பாய் வினிகரானதை ஊருக்கு அவரே சொன்னார். வேறு ஆண்டு மஞ்சள் ஒயினை ஊற்றினார்கள். கெட்ட பீப்பாயிலிருந்து ஒரு கிண்ணம் பிடித்துவந்து, வால்நட் போட்ட கீரை சாலட்டில் ஓர்தான்ஸ் கலந்தாள். ஆட்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். கிழவர் ஒரு வாய் மென்றுவிட்டு அவளைப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மாமா."

பெர்னான் சொல்லியிருந்தால் தட்டைத் தள்ளியிருப்பார். அவள் சொன்னதால் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.