செவலைக்குப் பிடிக்காத உஸ்ஸு வால்வு

டர்போ குழாய் மாட்டுற தொழில்ல காத்து எங்கன கசியுதுன்னு சோப்புத்தண்ணி ஊத்திக் கண்டுபிடிச்சிரலாம். வண்டிக்காரர் மனசைக் கண்டுபிடிக்கத்தான் இன்னும் எதுவும் வரலை. கஸ்டமரை நம்பிப் பிழைக்கிற உங்களுக்கு இது தெரியாததா? உத்தமபாளையத்துல என் பட்டறைக்கு வந்த ஒரே ஒரு வண்டியோட கதையச் சொல்றேன், கேளுங்க.

மீசை

மார்க்கையன்கோட்டை முத்துராசு அண்ணனோட மினி லாரி வாழைத்தார் ஏத்திக்கிட்டுக் குமுளி மலை ஏறும். மாட்டுவண்டிப் பந்தயம் வந்தா அவுக வளக்குற செவலைக்காளையும் அதோட சோடியும் அதுலதான் போகும். டர்போவிலிருந்து இஞ்சினுக்குக் காத்து போற குழாய் வெடிச்சு, மலையில இழுக்கலைன்னு வந்தாக. அலுமினியக் குழாய் போடுறேன்னேன். அப்படியே உஸ்ஸு வால்வும் வேணும்னாக. கியர் மாத்துறப்ப உஸ்ஸுன்னு காத்தைத் துப்புமே, அந்த புளோ ஆஃப் வால்வு. டீசல் வண்டிக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்லண்ணே, வெறும் சத்தம்தான்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்.

"மீசையால என்னடா பிரயோசனம்? வச்சிருக்கோம்ல?"ன்னாக.

எண்ணெய்

மாட்டிக் கொடுத்த ரெண்டாம் நாளே லோடோட மலைப்பாதையில நின்னுட்டாக. போய்ப் பாத்தா குழாய் தனியாத் தொங்குது. தொட்டா விரல் வழுக்குது, தேங்காயெண்ணெய் வாசம் வேற! பளபளன்னு துடைக்கிறேன்னு அண்ணனே குழாயக் கழட்டி, திரும்ப லேசா ஏறட்டும்னு எண்ணெய் தடவி மாட்டியிருக்காக. எண்ணெய் பட்டா காத்து அமுக்கத்துல குழாய் கழண்டு ஓடிரும்.

கூட வந்திருந்த மதினி சொன்னாக: "தலைக்கு வைக்க எண்ணெயக் காணோம்னு வீடு பூராத் தேடுனேன் தம்பி. இங்கன இருக்கு."

செவலை

அடுத்த வாரம் அண்ணன் முகம் செத்துப்போய் வந்தாக. செவலை லாரியில ஏற மாட்டேங்குதாம். பந்தய ஓட்டம் பழக்கக் கூட்டிட்டுப் போனப்ப, முதல் கியர் மாத்தவும் உஸ்ஸு! பாம்புன்னு நெனச்சுச்சோ என்னமோ, மிரண்டு கம்பியில முட்டித் தோல் உரிஞ்சிருச்சு. அன்னையிலிருந்து லாரியப் பாத்தாலே முரண்டு பிடிக்குது. ஞாயித்துக்கிழமை பந்தயம். வருசம் பூரா பருத்திவிதையும் பேரிச்சம்பழமுமா ஊட்டி வளத்த காளை. எனக்கே பாவமாப் போச்சு. சுவிட்ச் ஒண்ணு வச்சு, வேண்டாதப்ப சத்தத்தை அமத்திக்கலாமேன்னேன்.

கூட வந்திருந்த மதினிக்கு வந்துச்சே கோவம்! "புண்ணுக்கு மஞ்ச வைக்கிறது நானு. இவுக சுவிட்சை மறந்து தொலைப்பாக. கழட்டு தம்பி!"

ஏறுச்சு

வால்வக் கழட்டி, ஓட்டையத் தகடு வச்சு அடைச்சு, நானே வண்டிய மார்க்கையன்கோட்டைக்கு ஓட்டிட்டுப் போனேன். இஞ்சின ஓடவிட்டுச் செவலையப் பிடிச்சு வந்தோம். முன்னங்கால மட்டும் பலகையில வச்சுட்டுக் காதை விடைச்சுக்கிட்டு நின்னுச்சு. பெறகு தன்னால ஏறிருச்சு. மதினி அழுதே போட்டாக.

சோடியையும் ஏத்திக்கிட்டு ஊரை ஒரு சுத்து சுத்துனோம். அண்ணன் கியர் மாத்துறாக, உஸ்ஸுங்குது! பதறிப்போய்த் திரும்புனா, சத்தம் அண்ணன் வாயிலிருந்து வருது. அடுத்த கியருக்கும் உஸ்ஸு. பின்னால செவலை அசரலையே, அது பாட்டுக்கு அசை போட்டுக்கிட்டு நிக்குது. பந்தயத்துக்கும் அதே உஸ்ஸோடதான் போய் வந்தாக.

ஊரைச் சுத்திட்டு வந்த அன்னைக்கே மதினி கேட்டாக: "வண்டியில இருந்ததக் கழட்டிட்ட. இவுக வாயில இருக்கத எப்பத் தம்பி கழட்டப் போற?"

குழாயை மாத்தலாம், வால்வை மாத்தலாம், வண்டிக்காரரை மட்டும் வந்தபடியே திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.