மூன்றாம் முகாமில் விட்டுவந்த ஆள்

உடையப்பன் சாதுவான ஆள் என்று ஊரில் சொல்வார்கள். பத்து வருஷமாக ஒருத்தனைக் கொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கி எழுந்தவனைச் சாது என்று சொன்ன ஊரை என்னவென்று சொல்வது? சத்தம் போடாதவன் எல்லாம் சாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவன் வாய் திறக்காததற்குக் காரணமே வேறு.

சித்தன்னவாசலுக்குத் தெற்கே இருந்த ஒரு மொட்டைப் பாறையில் கல் உடைப்பதுதான் அவன் தொழில். பாறை நெற்றியில் இரும்பு முளை அடித்து, வடத்தைக் கட்டித் தொங்கிக்கொண்டு சரிவில் குழி போட வேண்டும். செருப்புப் போட்டவனை அந்தச் சரிவு ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. வெறுங்காலைப் பதித்துத்தான் ஏற வேண்டும். எங்கே வழுக்கும், எங்கே பிடிக்கும் என்று பாதம் சொல்லிவிடும். வடமே இல்லாமல் ஏறி இறங்கக்கூடியவர்கள் அந்தப் பக்கத்தில் இரண்டே பேர். ஒருவன் உடையப்பன். இன்னொருவன் ராக்கன். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், தன் தங்கை செவந்தியை ராக்கனுக்குக் கட்டிக்கொடுத்தான் உடையப்பன். ராக்கனைவிட நல்ல மாப்பிள்ளை மதுரையிலே தேடினாலும் கிடைக்கமாட்டான் என்று சொல்லிச் சொல்லித்தான் கட்டிக்கொடுத்தான்.

கேப்டன் ஆத்மநாதன் அவர்களைப் பார்த்தது 1952 மாசியில். புதுக்கோட்டை டவுனில் பெரிய வீட்டுப் பிள்ளை. பட்டாளத்திலிருந்து விலகி வந்து, பம்பாய்ப் பணக்காரர்களை இமயமலைக்குக் கூட்டிப்போய்ச் சிகரம் ஏற்றி இறக்குகிற வேலையை நடத்திக்கொண்டிருந்தார். சித்தன்னவாசல் குகைச் சித்திரம் பார்க்க வந்த மனிதர், தூரத்தில் பாறைச் சரிவில் இரண்டு பேர் பல்லி மாதிரி ஏறுவதைக் கண்டு காரை நிறுத்திவிட்டார். வந்து பேசினார், தோளைத் தட்டினார், கூட வரச் சொன்னார். அவ்வளவு பெரிய மனிதர் தோளைத் தட்டினால் யார்தான் மாட்டேன் என்பார்கள்?

ரிஷிகேசம் வரைக்கும் ரயில். பஸ் போகிற மட்டும் பஸ். அப்புறம் பதினோரு நாள் நடை. கம்பளி, பூட்ஸ், பனிக்கண்ணாடி எல்லாம் கொடுத்தார்கள். பூட்ஸ் போட்ட முதல் நாள் ராக்கன், "மச்சான், காலு ரெண்டும் செத்துப்போன மாதிரி இருக்கு, கீழ என்ன இருக்குன்னே தெரியல" என்றானாம். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மூன்றாம் முகாமுக்கு மேலே கேப்டனும் பம்பாய்க்காரரும் ராக்கனும் மட்டும் போனார்கள். இரண்டாம் முகாமில் உடையப்பன் சாமான்களோடு இருந்தான். மேலே ஒரு பாறைச் சரிவு. அதன்மேல் மெல்லிசாகப் பனிக்கட்டி. ராக்கனுக்கு பூட்ஸ் வழுக்கியது. வழுக்கினால் எங்கள் பக்கத்துக் கல்லுடைக்கிறவன் என்ன செய்வானோ அதைத்தான் அவனும் செய்தான். பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலில் ஏறினான். மேலே போய் வடத்தைக் கட்டி பம்பாய்க்காரரை இழுத்து ஏற்றும்வரை ஒரு மணி நேரம் அப்படியே நின்றான். பாதம் வலிக்கவே இல்லை. நம் ஊர்ப் பாறையில் வலி இல்லையென்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தம். அங்கே அதற்கு நேர்மாறு. சாயங்காலம் மூன்றாம் முகாமுக்கு இறங்கியபோது கூடாரத்தில் கால் இரண்டும் மெழுகாக வெளுத்துக் கிடந்தன. காலையில் கறுத்துவிட்டன.

இதெல்லாம் உடையப்பனுக்குப் பிறகு தெரிந்த கதை. மறுநாள் மத்தியானம் கேப்டன் பம்பாய்க்காரரை இழுத்துக்கொண்டு இறங்கி வந்து அவனிடம் சொன்னது வேறு. ராக்கன் விடியுமுன் ரொட்டி டின்களையும் பம்பாய்க்காரரின் தங்கக் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டானாம். நீ தூங்கும்போது உன்னைத் தாண்டித்தான் போயிருப்பான் என்றார் கேப்டன்.

உடையப்பன் நம்பினான். அதுதான் அவன் யாரிடமும் சொல்லாதது. மானம் போய்விட்டதே என்று பனியில் காறித் துப்பினான். தங்கை புருஷனை வாயில் வந்தபடி ஏசினான். காய்ச்சலில் கிடந்த பம்பாய்க்காரரை முதுகில் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் இறங்கினான். அடிவாரத்தில் அந்த மனிதர் காய்ச்சல் வேகத்தில் இந்தியில் அழுதார். சமையற்காரன் அதைக் கேட்டுவிட்டு உடையப்பனிடம் பாதி சைகையும் பாதிப் பேச்சுமாகச் சொன்னான்: ஆள் ஓடவில்லை, கறுத்த காலை வைத்துக்கொண்டு கூடாரத்தில் கிடக்கிறான், உயிரோடு விட்டுவிட்டு வந்தார்கள். உடையப்பன் மேலே பார்த்து ஓடினான். அன்றைக்கு இறங்க ஆரம்பித்த பனி ஆறு நாள் நிற்கவில்லை. முதல் முகாமுக்குக்கூட அவனால் போக முடியவில்லை.

"காய்ச்சல்ல உளர்றார்யா" என்றார் கேப்டன். பம்பாய்க்காரர் குணமானதும் அப்படி எதுவும் சொன்னதாக ஞாபகமில்லை என்றுவிட்டார். பெரிய மனிதர்களுக்கு ஞாபகம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்லவே முடியாது.

உடையப்பன் ஊர் திரும்புவதற்குள் ஒரு கான்ஸ்டபிள் வந்து செவந்தி வீட்டுப் பானைகளை எல்லாம் உருட்டிக் கடிகாரம் தேடிவிட்டுப் போயிருந்தார். செவந்தி அண்ணனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இருக்காகளா, இல்லையா?"

"நான் அடிவாரத்துல காய்ச்சலாக் கிடந்தேன் தாயி. ஒண்ணும் தெரியல" என்றான் அவன்.

அந்தப் பொய்யோடுதான் பத்து வருஷம் போனது. செத்தான் என்று சொல்ல ஆள் இல்லாததால் கருமாதி இல்லை. செவந்தி தாலியைக் கழற்றவும் முடியாது, கட்டியவன் வருவான் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. கல்யாண வீடுகளில் அவளைச் சுமங்கலிகளோடு உட்காரவைப்பதா, ஒதுக்கிவைப்பதா என்று தெரியாமல் அழைப்பதையே நிறுத்திவிட்டார்கள். திருடன் பெண்டாட்டி என்று பேர் மட்டும் நிலைத்தது. கேப்டனை விசாரிக்கச் சொல்லி உடையப்பன் மனுப் போட்டான். மனு எங்கே போனதோ. கேப்டன் பம்பாயிலேயே இருந்துவிட்டார். கல்லில் சம்மட்டி போடும் ஒவ்வொரு அடியிலும் உடையப்பன் அந்த மனிதரின் மண்டையைத்தான் பார்த்தான். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை, அவனே சொன்னதுதான்.

1962 பங்குனியில் கேப்டன் தானாகவே வந்தார். தொப்பை விழுந்திருந்தது. டவுனில் மாலை, வரவேற்பு, சொற்பொழிவு. முப்பது காலேஜ் மாணவர்களுக்கு மலையேற்றம் சொல்லிக்கொடுக்க ஒரு லாரியில் கூட்டிக்கொண்டு நேராக உடையப்பன் வேலை செய்த பாறைக்கே வந்து இறங்கினார். வடம் பிடிக்க ஆள் வேண்டுமாம்.

"அட, நம்ம உடையப்பன்!" என்று அதே மாதிரி தோளைத் தட்டினார். மாணவர்கள் பக்கம் திரும்பினார். "என்னோட இமயமலைக்கு வந்தவன் இவன். இன்னொருத்தனும் வந்தான், திருடிட்டு ஓடிட்டான். இவன் கடைசிவரைக்கும் நின்னான். விசுவாசம்னா இவன்கிட்டக் கத்துக்கணும்."

உடையப்பன் சிரித்தான். பத்து வருஷத்தில் அவன் மனசாரச் சிரித்தது அப்போதுதான். அந்தப் பாவி மறக்கக்கூட இல்லை, பொய்யைக் காப்பாற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறான் என்று தெரிந்ததும் மிச்சமிருந்த தயக்கமும் போய்விட்டது.

"முதல்ல நீங்க ஏறிக் காட்டுங்கய்யா. பிள்ளைக பாக்கட்டும். நான் கூட வாரேன்" என்றான்.

மணி பதினொன்று. இரண்டு பனை உயரத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு திட்டு. அதை நோக்கிக் கேப்டன் வடத்தைப் பிடித்துக்கொண்டு திணறித் திணறி ஏறினார். திட்டுக்குக் கீழே ஒரு வழுக்கல்.

"பூட்ஸு நிக்காதுங்கய்யா. கழட்டிக் குடுத்துருங்க."

கேப்டன் கழற்றிக் கொடுத்தார். மாணவர்கள் கை தட்டினார்கள். திட்டில் அவரை நிறுத்தி, இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, நெற்றிவரை ஏறி முளையிலிருந்த வடத்தைக் கழற்றி, அதையும் பூட்ஸையும் எடுத்துக்கொண்டு உடையப்பன் வெறுங்காலில் இறங்கிவிட்டான். கீழே வந்து வடத்தைச் சுருட்டிப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, கடப்பாறையை மடியில் வைத்துக்கொண்டான். இதுவும் பாடம்தான் போலிருக்கிறது என்று மாணவர்கள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள்.

"ராக்கன் எங்க?" என்று உடையப்பன் மேலே பார்த்துக் கத்தினான்.

"என்னடா விளையாட்டு இது? வடத்தைக் கொண்டாடா!"

"ராக்கன் எங்கன்னு கேட்டேன்."

போலீசில் பிடித்துக் கொடுப்பதாகக் கேப்டன் மிரட்டினார். பாறை கொதிக்க ஆரம்பித்தது. ஒரு காலைத் தூக்கி மறு காலில் நின்றார். மாற்றி நின்றார். சட்டையைக் கழற்றிக் காலடியில் போட்டு அதன்மேல் நின்றார். கொஞ்ச நேரத்தில் சட்டையும் போதவில்லை. நான்கு மாணவர்கள் ஏற முயன்றார்கள். வடம் இல்லாமல் ஆள் உயரம்கூட ஏற முடியாமல் வழுக்கி வந்தார்கள். வடத்தைக் கேட்ட இரண்டு பேரிடம் உடையப்பன் கடப்பாறையைக் காட்டினான். மேலே அந்த மனிதர் துடிக்கத் துடிக்க அவனுக்குத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. காலே வெந்து போகட்டும். கறுக்கட்டும். ராக்கனுக்குக் கறுத்தது போலக் கறுக்கட்டும்.

செவந்தி அண்ணனுக்குக் கஞ்சி கொண்டு வந்தது அந்த நேரத்தில்தான். கூட்டத்தையும் மேலே ஆடிக்கொண்டிருந்த ஆளையும் பார்த்தாள். யார் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. கலயத்தை இறக்கிவைத்துவிட்டு நின்றாள்.

அப்போதுதான் கேப்டன் உடைந்தார். "ஓடலைடா! அவன் ஓடலை! காலு ரெண்டும் கறுத்துப்போச்சு, நடக்க முடியல. மூணாவது கேம்ப்ல உயிரோட விட்டுட்டு வந்தேன்!"

முப்பது மாணவர்களும் கேட்டார்கள். உடையப்பன் எழுந்து நின்றான். இதற்காகத்தானே இத்தனை வருஷம்?

"ஏன்யா விட்டுட்டு வந்த? தூக்க ஆளா இல்ல?"

"நீதான் ஆளு! உன்னை அனுப்புறேன்னுதான் அவன்கிட்டச் சொல்லிட்டு வந்தேன். மச்சான் வந்துருவான், நீங்க போங்கய்யான்னு அவனே சொன்னான். நாலு நாளைக்கு ரொட்டி வச்சேன். ஆனா நீ மேல போயிட்டா பம்பாய்க்காரரை யாரு சுமப்பா? அவர் செத்திருந்தா என் தொழிலே போச்சு. அதான் திருடிட்டு ஓடிட்டான்னு சொன்னேன். நீ ஒரு கேள்விகூடக் கேக்காம நம்புவேன்னு நான் நினைக்கலடா!"

உடையப்பன் கையிலிருந்த கடப்பாறை சரிந்தது. செவந்தி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, அடிவாரத்துல காய்ச்சலாக் கிடந்தேன்னு சொன்னியே?"

அவன் சரிந்த கடப்பாறையை எடுத்து ஓரமாக வைத்தான்.

"நீ இருந்த எடத்துலேருந்து அவுக இருந்த எடத்துக்கு எம்புட்டு நேரம்?"

"அரை நாள்" என்றான் உடையப்பன். "திருடிட்டு ஓடிட்டான்னு சொன்னாரு தாயி. ரெண்டு நாள் நம்பிட்டேன்."

"கான்ஸ்டபிள் பானையை உருட்டுனப்பக்கூட நான் நம்பல" என்றாள் செவந்தி. குரலை உயர்த்தவில்லை. "ஊரே சொல்லுச்சு, நான் நம்பல. கூடப் பிறந்தவன் மாதிரி பழகுன நீ நம்புன. ரெண்டு நாள்."

அவள் மேலே பார்த்தாள். கேப்டன் திட்டில் உட்கார்ந்துவிட்டார், பாதங்களைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர்மேல் அவளுக்கு இரக்கம் வந்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

"போய்த் தூக்கிட்டு வா" என்றாள்.

"அவனையா? சாகட்டும் அவன்!"

"அந்த ஆள் செத்துட்டா என் புருஷன் எப்படிச் செத்தாருன்னு எழுதிக் குடுக்க யாரு இருக்கா? ஸ்டேஷன்ல வந்து, இந்தப் பிள்ளைக முன்னால சொன்னதை அந்த ஆள் மறுபடி சொல்லணும். அப்பறந்தான் நான் இதைக் கழட்ட முடியும்." தாலியைத் தொட்டுக் காட்டினாள். "அன்னைக்கு ஏறாதவன் இன்னைக்கு ஏறு."

உடையப்பன் வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். நெற்றியிலிருந்த முளையில் கட்டிவிட்டுத் திட்டுக்கு இறங்கினான். கேப்டனின் பாதங்கள் கொப்புளித்து உரிந்திருந்தன. "உடையப்பா, விட்டுடாதேடா" என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவரைத் தன் முதுகோடு சேர்த்துக் கயிற்றால் சுற்றிக் கட்டி, வடத்தைப் பிடித்துக்கொண்டு உடையப்பன் ஒவ்வோர் அடியாக இறங்கினான். பாறை அவன் உள்ளங்காலையும் சுட்டது. கீழே செவந்தி நிற்பது தெரிந்தது. நல்ல கனம் அந்த மனிதர். ராக்கன் இதில் பாதிகூட இருந்திருக்க மாட்டான்.