அரைச் சாண் கூடுதல்

சொகுசுக் கார் விற்கிறவளிடம் சொந்தமாக ஒரு ஓட்டை ஸ்கூட்டிதான் இருக்கும், இது எங்கள் தொழிலின் எழுதாத சட்டம். நகைக்கடையில் கவரிங் போட்டுக்கொண்டு வைரம் காட்டுகிற பெண்களே, நாள் முழுக்கப் பட்டுச்சேலை விரித்துப் போட்டுவிட்டுப் பூனம் புடவையில் பஸ் ஏறுகிற அக்காமார்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காரைக்குடியில் எங்கள் கிளை ஒரு சின்னக் கண்ணாடிக் கூடம். உள்ளே இரண்டே வண்டி, இரண்டும் ஒரே காரின் இரண்டு பிள்ளைகள். ஒன்று ஸ்போர்ட். தரையோடு பதுங்கின மாதிரி நிற்கும், ஓட்டுகிறவருக்காகவே செய்தது. மற்றது லாங். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் அரைச் சாண் கூடுதல், அம்புட்டும் பின்சீட்டில் இருப்பவர் கால் நீட்டுவதற்கு. எங்களுக்குள் பேச்சு குட்டை, நெட்டை என்றுதான்.

மத்தியானம் ஈ காக்கை வராத நேரத்தில் நான் நெட்டையின் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வேன். வெளியே பஸ் போவது தெரியும், சத்தம் வராது. வேப்பமரம் ஆடும், காற்று கேட்காது. கிணற்றுத் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்க்கிற மாதிரி ஊர் அசையும். ராத்திரிக்கு என்ன குழம்பு வைப்பது என்பதுகூட மறந்துபோகும்.

செருப்பைக் கழற்றியவர்

திருக்கோஷ்டியூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். "சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். சும்மா பார்க்க வருகிறவர்கள்தான் சில சமயம் வாங்குவார்கள், அதனால் நான் யாரையும் தட்டிக்கழிப்பதில்லை. குட்டையில் உட்கார்ந்தார், "என்னம்மா, குழிக்குள்ள இறங்குன மாதிரி இருக்கு" என்று உடனே எழுந்துவிட்டார். நெட்டையில் ஏறும்போது செருப்பைக் கழற்றி ஷோரூம் தரையில் ஜோடியாக வைத்தார். பின்சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் முன்னால் ஏறிக்கொள்ள, எங்கள் டிரைவர் முருகேசன் வண்டியை மெதுவாக வெளியே எடுத்தார்.

குன்றக்குடியைத் தாண்டவில்லை, மனிதர் தூங்கிவிட்டார். எழுப்ப எனக்கு மனசே வரவில்லை. திருப்பத்தூர் போய்த் திரும்பி, கிளை வாசலில் வந்து நின்ற பிறகுதான் தோளைத் தொட்டேன். கண்ணை விழித்துச் சுற்றுமுற்றும் பார்த்தார், செருப்பைத் தேடினார். மாட்டிக்கொண்டே சொன்னார்: "வேணாம் தாயி, இதை வாங்கிப்புட்டா எந்த வயலுக்கும் நான் போய்ச் சேர மாட்டேன், பாதி வழியிலயே உலகத்தை மறந்துருவேன்."

கொட்டகைக்கு அளவு எடுத்த கதை

சொக்கலிங்கம் ஐயா சும்மா பார்க்க வந்தவரில்லை. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பினாங்கில் கடை நடத்தி, பிறகு ஊரோடு வந்தவர். வரும்போதே நெட்டை என்று முடிவு செய்துவிட்டார். "வீட்டுல ஆச்சிக்கு மூட்டு வலி. கால் நீட்டி வரட்டும்" என்றார். வண்டி நிற்க இடம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "ரெண்டு தெரு நீளத்துக்கு வீடு இருக்கு, ஒரு காருக்கா இடமில்லை?" என்று சிரித்தார். அளவு டேப்பை எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன்.

வீடு இரண்டு தெருவுக்கு நீளம்தான். முகப்பில் நின்று பார்த்தால் பின்வாசல் ஒரு வெளிச்சப் பொட்டு. ஆனால் கார்க் கொட்டகை அவருடைய அப்பா காலத்து அம்பாசிடருக்குக் கட்டியது. நெட்டையை விட்டால் பின்பக்கம் அந்த அரைச் சாண் தெருவில் நிற்கும், கதவைச் சாத்த முடியாது. சுவரை இடித்துத் தள்ளிக் கட்டலாம் என்றால் சுவர் பொது, பதினொரு பங்காளிகளும் சம்மதிக்க வேண்டும். அதில் நாலு பேர் நாலு நாட்டில். ஐயா போனை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில் மெய்யம்மை ஆச்சி எனக்குக் காபி கொண்டுவந்தார். ஐயாவின் மனைவி. வெள்ளைச் சேலை மாதிரி தெரிகிற இளமஞ்சள் கண்டாங்கி, கண்ணில் ஒரு குறும்பு. தூண் மறைவுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போய், "ரெண்டு வண்டியில எதுல நான் அவுக பக்கத்துல உக்காரலாம்?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாரோடு பின்சீட்டாம். ஐயா வழி சொல்ல டிரைவர் பக்கத்தில் முன்சீட்டாம். நாற்பத்தோரு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனதில்லை. அதை நீங்களே ஐயாவிடம் கேட்கலாமே என்றேன். ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "இந்த வயசுல எப்படி ஆத்தா வாய்விட்டுக் கேக்குறது? மாமியா போயி இருவது வருஷமாச்சு, சீட்டு மட்டும் இன்னும் மாறலை. நீயும் சொல்லிப்பிடாத."

நெட்டையில் பிள்ளையார்பட்டிக்கு

வாக்குக் கொடுத்தாயிற்று. வாயைத் திறக்கக் கூடாது, ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லையே. பிள்ளையார்பட்டி வரை ஓட்டிக் காட்ட நெட்டையை வாசலில் நிறுத்தினேன். பின்கதவைத் திறந்து, "ஐயா, இந்த வண்டியில பின்சீட்டுதான் முதலாளி சீட்டு. இங்குட்டு வாங்க" என்றேன். "நான் முன்னால இருந்தாத்தானம்மா வழி சொல்ல முடியும்" என்று சொல்லி முன்னால் ஏறிவிட்டார். முருகேசன் பிறந்ததே பிள்ளையார்பட்டி. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆச்சியும் நானும் பின்னால். பொத்தானை அமுக்கினேன், சீட்டு சாய்ந்தது, காலுக்கு ஒரு மணை எழும்பி வந்தது. பனைமரங்கள் சத்தமில்லாமல் பின்னால் போயின. ஊருணித் தண்ணீரில் வெயில் படுத்திருந்தது. சொர்க்கம்தான், போங்கள். ஆச்சி, "மழை வரும் போல இருக்குல்ல?" என்றார். ஐயா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி சொன்னார். மூன்றாம் முறையும் சொன்னார். ஐயா திரும்பாமலே, "வசதியா இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு" என்றார் ஆச்சி. ஐயாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த நல்ல மனுஷன்மேல் எனக்குக் கோபமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கோயில் வாசலில் இறங்கும்போது ஆச்சி என் காதோடு சொன்னார்: "பழைய வண்டியில கையை நீட்டினா அவுக தோளாவது எட்டும். இதுல அதுவும் எட்டலை ஆத்தா."

முருகேசன் கண்ணாடி

அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில் நான் உம்மென்று இருந்தேன். இப்படிப்பட்ட விற்பனை எனக்கு வேண்டாம் போல இருந்தது. அரைச் சாண் கூட்டிக் கொடுத்து, கட்டின புருஷனைக் கைக்கு எட்டாத இடத்துக்குத் தள்ளி வைக்கிறதுக்கு நான் ஒருத்தியா? ஆனால் நெட்டை வேண்டாம் என்று நானே எந்த வாயால் சொல்ல?

முருகேசன் பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே, "ஆச்சி விவகாரமா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் மூச்சே விடவில்லையே! அவர் பாட்டுக்குச் சொன்னார்: "டிரைவருக்கு ரோட்டைவிடக் கண்ணாடியில நிறையத் தெரியும்க்கா. ஆச்சி மூணு வாட்டி கேட்டதையும் பாத்தேன், ஐயா திரும்ப நினைச்சுத் திரும்பாம இருந்ததையும் பாத்தேன். ரெண்டு பேருக்கும் கூச்சம். முன்கதவைத் தொறந்துவிட ஒரு ஆளு வேணும், அம்புட்டுத்தான்."

இளையாத்தங்குடிக்கு ரெண்டு கூடை

மறுநாள் ஐயாவுக்குப் போன் போட்டேன். கொட்டகைக்குக் குட்டை கச்சிதமாக அடங்கும், ஒரு தடவை நீங்களே ஓட்டிப் பாருங்கள் என்றேன். பினாங்கில் கார் ஓட்டின கை அல்லவா, ஆசை இல்லாமல் போகுமா? வெள்ளிக்கிழமை இளையாத்தங்குடி கோயிலுக்கு அபிஷேகச் சாமான் கொண்டுபோக வேண்டும், அதிலேயே போவோம் என்றார். எனக்கு அது போதும்.

சீக்கிரமே போய் முருகேசனும் நானும் சாமானை ஏற்றினோம். தேங்காய்க் கூடை இரண்டு, வாழைத்தார் ஒன்று, பூக்கூடை, பால் கேன். எல்லாம் பின்சீட்டில். மிச்ச இடத்தில் முழங்காலை முகவாய்க்குக் கொடுத்து நான். ஆச்சி வழக்கம்போலப் பின்கதவுக்கு வந்தார், நின்றார். ஐயா, "தேங்காயைத் தூக்கி முன்னால வையி" என்றார். நான் தயாராக இருந்தேன். "ஆகாதுங்க ஐயா. முன்சீட்டுல பாரம் வச்சா பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்திக்கிட்டே வரும். தேங்காய்க்கு எப்படிப் பெல்ட்டு போட?" முருகேசன் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். ஆச்சி காரைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே இறங்கினார்.

பறக்கிற வண்டியை ஐயா மாட்டு வண்டி மாதிரி ஓட்டினார். ஆச்சி பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். பிறகு ஆச்சி, "அந்தா மயிலு" என்றார். "எங்க?" என்று ஐயா வண்டியையே நிறுத்திவிட்டார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. இந்தப் பாலத்துப் பக்கம்தான் மகனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, இந்த ஆலமரத்தைப் பார்க்கும்போதெல்லாம் இறங்கி நிற்கத் தோன்றும், மாமியா தூங்கிவிட்டால் நான் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பேன் என்று ஆச்சி ஒவ்வொன்றாகச் சொன்னார். அதே ரோட்டில் ஐயா பார்க்காத இன்னொரு ரோடு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது, துடைக்கக் கை இல்லை, இரண்டு கையிலும் கூடை.

இளையாத்தங்குடிக் குளத்தங்கரையில் வண்டியை நிறுத்தி ஐயா கேட்டார், "இதெல்லாம் ஏன் இத்தனை வருஷமாச் சொல்லலை?" ஆச்சி பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் தடவிக்கொண்டே சொன்னார்: "சொல்லிக்கிட்டுத்தான் வந்தேன், உங்களுக்குக் கேக்கலை."

காலியாக் கிடக்கட்டும்

திங்கட்கிழமை ஐயா போன் செய்தார். குட்டைக்குப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டேதான் பேசினேன். "நெட்டையே எழுதிக்கம்மா" என்றார். எனக்கு மனசு விட்டுப்போனது. இவ்வளவு பாடுபட்டும் பழைய குருடி கதவைத் திறடி கதைதானா? "குட்டையில ஏறி இறங்க இவளுக்குக் கிரேன் வேணும். நெட்டையில சீட்டு உசரம். டிரைவர் வேணாம், நானே ஓட்டுறேன்" என்றார். கொட்டகைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். சுவருக்குத்தான் பதினொரு கையெழுத்து, கதவு அவர் போட்டது, அதைக் கழற்றிவிட்டாராம். தெருவில் நிற்கிற அரைச் சாணுக்கு ஒரு தார்ப்பாய்.

சாவி கொடுத்தது பிள்ளையார்பட்டியில். சந்தனம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். ஐயா ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஆச்சி இந்தப் பக்கமாக வந்து, யாரும் திறந்துவிடக் காத்திராமல், தானே முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார். பெல்ட்டும் தானே போட்டுக்கொண்டார். நன்றாகப் பழகியிருக்கிறார். நான் ஜன்னலில் குனிந்து, "ஏறி இறங்க லேசா வேற எத்தனையோ வண்டி இருக்கே ஆச்சி. யாரும் உக்காராத பின்சீட்டுக்கு இம்புட்டு நீளம் எதுக்கு?" என்று கேட்டேன். ஆச்சி கழுத்தைத் திருப்பி, சாய்கிற சீட்டையும் கால் மணையையும் ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நாப்பத்தோரு வருஷம் நான் உக்காந்த இடம் ஆத்தா. நல்லா நீளமா, காலியாக் கிடக்கட்டும். அப்பப்பத் திரும்பிப் பாத்துக்கிறேன்."

ஆக, கால் நீட்டுவதற்கென்றே கம்பெனி கூட்டிக் கொடுத்த அந்த அரைச் சாணில் இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குச் சொகுசாகச் சாய்ந்து வருவது ஒரு தேங்காய்க் கூடைதான், அதற்குப் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே நான் என் ஸ்கூட்டியில் ஓரமாக ஒதுங்கி வழிவிடுகிறேன்.