சும்மா டீச்சர்

அந்த மழலையர் பள்ளியில் ஒரே ஒரு ஆசிரியைக்கு மட்டும் பெற்றோர்கள் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்: சும்மா டீச்சர். பிள்ளையை விட வருகிறவர்கள் சன்னல் வழியே எட்டிப் பார்த்தால், மடியில் கைவைத்தபடி முக்காலியில் உட்கார்ந்திருப்பார். பாட்டுப் பாடிக் காட்டுவதில்லை, எழுதிப் போடுவதில்லை. தாழ்வான அலமாரிகளிலிருந்து பிள்ளைகளே வேண்டியதை எடுப்பார்கள். ஒன்று ஜாடிக்கு ஜாடி தண்ணீர் ஊற்றும். ஒன்று செருப்பைத் துடைக்கும். இன்னொன்று மரக்கட்டைகளை அடுக்கும், கலைக்கும், மறுபடி அடுக்கும். தண்ணீர் கொட்டினால் துடைக்கிற துணியும் அவர்கள் கைக்கு எட்டும் ஆணியில்தான் தொங்கும்.

"இதுக்கு எதுக்குங்க டீச்சரு? வீட்டுல விட்டா என் பையன் இதைவிட நல்லாவே கொட்டுவானே," என்றார் ஒரு தகப்பனார்.

"வீட்டுல கொட்டினா நீங்க அடிப்பீங்க," என்றார் டீச்சர். கேட்டவரே சிரித்துவிட்டார்.

டீச்சருக்குத் திருமணம் ஆகவில்லை. தங்கை வீட்டு மாடியறையில் இருந்தார். கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்த நம்பிக்கை ஒன்றுதான்: பிள்ளை எதைத் தேடிப் போகிறதோ, அதுதான் அன்றைக்கு அதற்கு வேண்டியது. குறுக்கே போகாமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

லாரி ஓட்டுநர் ஒருவரின் மகள் மூன்று வயதில் அங்கே சேர்ந்தாள். தத்தித் தத்தி நடப்பதால் எல்லோருக்கும் அவள் குருவி. நேரே துணிப்பெட்டியிடம் போனாள். வெல்வெட், கம்பளி, சாக்கு, பட்டு என்று இரண்டிரண்டாகக் கிடந்த துண்டுகளைத் தடவிப் பார்த்தே ஜோடி சேர்த்தாள். மற்ற பிள்ளைகள் நிறத்தைப் பார்த்துச் சேர்த்துவிடாமல் இருக்கக் கண்ணைக் கட்டிவிட வேண்டும். இவளுக்கு அது தேவைப்படவில்லை. சொரசொரப்புத் தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் வருடி, மற்ற எல்லோருக்கும் முன்னால் கற்றுக்கொண்டாள். பள்ளியைப் பார்க்க யாராவது வந்தால், தலைமையாசிரியை முதலில் அவளிடம்தான் கூட்டிப்போவார். டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை.

குருவியின் அம்மாவுக்குத் துணி ஆலையில் இஸ்திரி போடும் வேலை. ஒருநாள் வாசலில் தயங்கி நின்றார்.

"டீச்சர், இவ எப்பவும் படியில இடிச்சுக்கிறா. படப் புத்தகம் வாங்கிக் குடுத்தாத் தள்ளி விட்டுடுறா. ஏதாவது கோளாறா இருக்குமோ?"

"ஒண்ணும் இல்லம்மா. அவளுக்கு இப்ப கைதான் கண்ணு. அவ போக்குல விடுங்க. படம் பாக்கத் தோணும்போது அவளே பாப்பா."

அந்தத் தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நீங்க சொன்னாச் சரிதான் டீச்சர்."

விடுமுறையில் சுவருக்கு வண்ணம் அடித்தார்கள். அலமாரிகளை எதிர்ச்சுவருக்கு மாற்றினார்கள். பள்ளி திறந்த அன்று குருவி உள்ளே வந்தாள். பழைய இடத்துக்கே விறுவிறுவென்று நடந்தாள். வெறும் காற்றில் கையை நீட்டித் துழாவினாள்.

"டீச்சர், பெட்டி எங்க போச்சு?"

அவள் திரும்பி நின்ற பக்கம், நல்ல வெளிச்சத்தில் பெட்டி இருந்தது. டீச்சர் சிவப்பு மணிச்சரம் ஒன்றை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது என்ன நிறம் சொல்லு கண்ணு?"

"குடுங்க, தொட்டுப் பாத்துச் சொல்றேன்."

ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள்: இரண்டு கண்ணிலும் புற்றுநோய்க் கட்டி. உயிரைக் காப்பாற்ற ஒரு கண்ணை எடுத்தார்கள். மற்றதில் மருந்து கட்டியைக் கரைத்தது, பார்வை மீளவில்லை. "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்த மருத்துவர், தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரி நடையில் டீச்சரைக் கண்டதும் அந்தத் தாய் எழுந்து வந்தார். கத்தவில்லை.

"நாள் முழுக்கப் பாத்துக்கிட்டே இருக்கிறதுதானே உங்க வேலை? என்னத்தப் பாத்தீங்க?"

"வா, அவங்க மட்டும் என்ன பண்ணுவாங்க," என்று கணவர் கையைப் பிடித்தார்.

"நான் கேட்டேங்க. வாய்விட்டுக் கேட்டேன்."

தலைமையாசிரியை தேற்றிப் பார்த்தார். "பெத்தவங்களுக்கே தெரியல, நமக்கு எப்படித் தெரியும்?"

"பெத்தவளுக்குத் தெரிஞ்சுது. நான்தான் ஒண்ணும் இல்லன்னு சொல்லி அனுப்பினேன்," என்றார் டீச்சர்.

ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போனார். குரல் கேட்டதும் குருவி சுவரைத் தடவிக்கொண்டு ஓடிவந்தாள். தாய் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு டீச்சரால் முக்காலியில் உட்கார முடியவில்லை. ஒரு பிள்ளை முகத்தைத் திருப்பினால், மோவாயைப் பிடித்துத் தூக்கிக் கண்ணைப் பார்த்தார். கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் காதுக்குள் எட்டிப் பார்த்தார். நன்றாக இருந்த பிள்ளைகளை மருத்துவரிடம் அனுப்பிப் பெற்றோரிடம் ஏச்சு வாங்கினார். ஜாடி சாய்வதற்கு முன்பே அவர் கை அதைத் தாங்கியது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்குமா? அலமாரிப் பக்கம் போகிறவர்கள் முதலில் அவர் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஒருநாள் ஒரு பெண்குழந்தை வெறுங்கையோடு எதிரே வந்து நின்றது.

"டீச்சர், நான் தண்ணி ஊத்தட்டுமா? ஊத்தினா பயப்படுவீங்களா?"

அந்த அறையில் அதுவரை எந்தப் பிள்ளையும் அனுமதி கேட்டதில்லை. அந்த வாரமே வேலையை விட்டார்.

இப்போது தங்கையின் தையல் கடையில் பொத்தான் தைக்கிறார். அளவு கொடுக்கப் பிள்ளைகள் வந்தால் உள்ளே எழுந்து போய்விடுவார். ஒருநாள் லாரிக்காரர் கடை வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினார். பார்வையற்றோர் பள்ளியில் மகளைச் சேர்த்திருப்பதாகச் சொன்னார்.

"நல்லாப் படிக்கிறா டீச்சர். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவராக வந்தாரா, மனைவி சொல்லி வந்தாரா என்று கேட்க டீச்சருக்குத் துணிவில்லை.