பதிவேட்டில் இல்லாத பிள்ளை

கொடைக்கானலில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவறையில் ஆறு வருஷம் ஒப்பந்த ஊழியராக இருந்தேன். பழைய கோப்புகளையும் பதிவேடுகளையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. முதலில் அதற்கென்று ஒரு மென்பொருள் இருந்தது. என் மேஜையில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் அது ஓடும், அதுவும் ஆமை வேகத்தில். ஆனால் அனுப்பிய கோப்பு முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்று அதுவே இன்னொரு தடவை சரிபார்க்கும். ஒரு பக்கம் குறைந்தாலும் சிவப்பில் காட்டி நிற்கும்.

பிறகு நிர்வாக அதிகாரி புதிய ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தார். எதையும் நிறுவ வேண்டாம். பிரவுசரைத் திறந்து கோப்பை இழுத்துப் போட்டால் போதும். விற்க வந்தவர் செய்து காட்டியபோது எல்லாருக்கும் பிடித்துப்போனது. எனக்கும்தான். நாலு மாதத்தில் மொத்தத்தையும் ஏற்றிவிட்டுப் பதிவறையை எக்ஸ்ரே அறையாக்குவது என்று முடிவானது.

ஐப்பசி மழையில் எங்கள் ஊரில் நெட் எப்படி இருக்கும் என்று விற்க வந்தவருக்குத் தெரியாது. மேகம் இறங்கினால் லைன் போகும், அரை நிமிஷத்தில் திரும்பி வரும். திரையில் நீலக்கோடு மட்டும் நிற்காமல் ஓடி, கடைசியில் பச்சை டிக் விழும். ஒருநாள் சும்மா ஒரு கோப்பைத் திறந்து பார்த்தேன். பதினேழு பக்கம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு வெறும் சாம்பல் நிறம். இன்னும் இருபது கோப்புகளைத் திறந்தேன். மூன்று அப்படியே இருந்தன.

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கம்பெனிக்குப் போன் போட்டார். டிக் விழுந்தால் வந்துவிட்டது என்று அர்த்தம், உங்கள் ஊர் நெட்டுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்களாம். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பச்ச விழுந்துச்சுல்லம்மா? பெறகு எதுக்குத் தொறந்து தொறந்து பாக்குறீங்க? வெரசா முடிக்கிற வழியப் பாருங்க."

கெட்டுப்போனதாக எனக்குத் தெரிந்தவற்றை மட்டும் மறுபடி ஏற்றினேன். அதன் பிறகு திறந்து பார்ப்பதை விட்டுவிட்டேன். இதை யார்மேலும் போட முடியாது. ஒப்பந்தம் பங்குனியில் முடிகிறது, புதுப்பிப்பது அதிகாரி கையில், அதனால் பார்க்கவில்லை. ஏற்றி முடித்ததை என் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடச் சொன்னார், அழித்தேன். அசல் தாள்களெல்லாம் அரைக்கப் போகும் லாரியில் ஏறியபோது பட்டியலின் அடியில் "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதியிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வருஷம் வைகாசியில் வடகவுஞ்சியிலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார். சிலோனிலிருந்து திரும்பிவந்த தோட்டத்துக் குடும்பம். இங்கே பீன்ஸ் காட்டில் கூலிவேலை. மகள் பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்தால் வயது போதாது என்று வந்தது. பள்ளியில் சேர்க்கும்போது அப்பா குத்துமதிப்பாகச் சொன்ன தேதியால் வயதில் ஒரு வருஷம் குறைந்திருந்தது. அதைத் திருத்தப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியும் சரி, வீட்டிலும் சரி, பிறப்பை எங்கும் பதிந்திருக்கவில்லை. இப்போது பதிய வேண்டுமென்றால், பிள்ளை எங்கள் மருத்துவமனையில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள்.

அவள் பிறந்த வருஷத்துப் பிரசவப் பதிவேட்டைத் தேடியதும் திரையில் வந்தது. ஆவணி வரை ஒவ்வொரு வரியும் தெளிவாக இருந்தது. இந்தப் பெண் பிறந்தது கார்த்திகை. ஆவணிக்குப் பிறகு எல்லாமே சாம்பல். யார் ஏற்றியது என்ற இடத்தில் என் பெயர், பக்கத்தில் பச்சை டிக்.

அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அதிகாரியிடம் போனேன். பதிவேடு ஏற்றும்போது பழுதாகிவிட்டது என்று ஒரு கடிதம் கொடுத்தால் அவர்களுக்கு வழி கிடைக்கும் என்றேன். ஆஸ்பத்திரியே தொலைத்துவிட்டது என்று நாமே எழுதிக் கொடுப்பதா என்று கேட்டார். அப்புறம் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். "தாங்கள் குறிப்பிடும் பிறப்பு குறித்த பதிவு எதுவும் எங்கள் ஆவணங்களில் காணப்படவில்லை." முத்திரை வைத்துத் தந்தார்.

மகள்தான் வாசித்துக் காட்டினாள். அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்.

"நான் இங்க பெக்கலைங்கிறாங்களா?"

அவரே தொடர்ந்தார்.

"கடல் தாண்டி வந்த தாளெல்லாம் எங்கப்பா பத்திரமா வச்சிருந்தாரும்மா. தோட்டத்து லயத்து வீட்டுல கூரை ஒழுகுனப்பகூட ஒரு தாளு நனையல. ஒங்ககிட்ட எம்புட்டுப் பெரிய கட்டடம் கெடக்கு."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அவர்களோடு வாசல்வரை நடந்துபோய் நடந்ததைச் சொன்னேன். ஒரு வெள்ளைத்தாளில், பதிவேட்டை ஏற்றியது நான், பாதி போய்ச் சேரவில்லை, சரிபார்க்காமல் கையெழுத்திட்டதும் நான் என்று எழுதிக் கொடுத்தேன். மகள் அதை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

தாலுகா ஆபீசில் அந்தத் தாளை எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவமனையின் முத்திரை வைத்த கடிதம் ஒன்று சொல்கிறது, முத்திரையில்லாத தாள் வேறு சொல்கிறது, எதை நம்புவது என்று கேட்டு, மருத்துவமனைக்குப் போன் போட்டிருக்கிறார்கள். மறுநாள் அதிகாரி அந்தப் பச்சை டிக்கையும் என் பெயரையும் அச்செடுத்து மேஜையில் வைத்திருந்தார். ஊழியரின் கவனக்குறைவு என்று எழுதியிருந்தது. நான் முன்பே வந்து சொன்னதை நினைவூட்டினேன். எழுத்தில் கொடுத்தீர்களா என்றார். கொடுக்கவில்லை. அந்த மாதத்தோடு வேலை போனது.

அந்தப் பெண்ணுக்கு அந்த வருஷம் சேர்க்கை போனது. கோர்ட் வழியாகத் தேதியைத் திருத்தலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அலைய அவர்கள் வீட்டில் ஆளில்லை. அடுத்த வருஷம் பள்ளித் தேதியின்படியே வயது வந்துவிடும் என்று சமாதானமாயிருந்தேன். ஆனால் அதற்குள் அவள் அப்பா மரத்திலிருந்து விழுந்து படுத்துவிட்டார், அவள் ஏரிக்கரைப் பக்கம் ஒரு சாக்லேட் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இப்போது அங்கேதான் நிற்கிறாள்.

நான் பஜாரில் ஒரு பாய் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். போன மாதம் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு அவள் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், தெரிந்த ஆளைப் பார்ப்பதுபோலத் தலையசைத்தாள். சுற்றுலா வந்தவர்கள் விலை கேட்டதும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். அவள் என்னை ஏசியிருந்தால் நின்று கேட்டிருப்பேன். அதற்குப் பிறகு நான் ஏரிக்கரை வழியாகப் போவதில்லை.