எடிட்டர் சொல்லிவிட்டுப் போன எண்

என் உரைநடை பிடிக்காமல்தான் கம்ப்யூட்டர் திருப்பி அனுப்புகிறது என்று ஒரு பகல் முழுவதும் நம்பியவன் நான். பத்திரிகைகள் என் கதைகளைத் திருப்பி அனுப்பிய பழக்கதோஷம்.

இரண்டாயிரத்துச் சொச்சம். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட் புரோகிராமைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று காலை அது குளிரூட்டிய கன்டெய்னர்களுக்கு மட்டும் சீட்டு அச்சடிக்க மறுத்தது. இறால் ஏற்றிய லாரி ஒன்று வாசலில் நின்றது. நாலு மணிக்குள் உள்ளே போகாவிட்டால் கப்பலை விட்டுவிடும். பிழையைப் பத்து நிமிடத்தில் திருத்திவிட்டேன். ஆனால் அதைப் பொதுச் சேமிப்பில் ‘கமிட்’ செய்தால்தான் கேட் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். கமிட் என்றதும் எடிட்டர் என்கிற எழுதும் புரோகிராம் திறந்து, என்ன திருத்தினாய் என்று கேட்கும். எழுதிவிட்டு, கோலன் என்கிற முக்காற்புள்ளியும் சின்ன டபிள்யூவும் அடித்துச் சேமித்து வெளியே வர வேண்டும்.

எழுதினேன். கமிட் தோற்றது. ‘பணிவுடன்’ என்று சேர்த்தேன். தோற்றது. இருந்த ஒரே உவமையையும் வெட்டினேன். அப்போதும் தோற்றது.

லாரி டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார்: “இன்னா நைனா, உள்ள எறா கீது. கருவாடு ஆனப்புறம்தான் சீட்டு குடுப்பியா?”

மூன்றே கால் மணிக்கு, ராயபுரத்திலிருந்து வரும் எங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெண் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். “இன்னொரு தபா அடிங்க சார், பாக்கறேன்.”

அடித்தேன்.

“கோலன் அடிச்சிட்டு ஷிப்டை வுட மாட்டேன்றீங்க. சின்ன டபிள்யூ பெருசா வுழுது. அது தப்பு கட்டளை.”

“உடனே சரியா அடிச்சிட்டுத்தானேம்மா வெளிய வரேன்?”

“நீங்க மறந்துட்டீங்க, எடிட்டர் மறக்கல. போறப்ப கமிட் கைல ஒரு நம்பர் சொல்லிட்டுப் போவும். சைபர்னா எல்லாம் ஒழுங்கு. வேற எதுனாலும் வில்லங்கம்னு கமிட் நின்னுடும். நீங்க எழுதினத அது படிக்கறதே இல்ல சார்.”

படிப்பதே இல்லை! புண்பட வேண்டிய நான் பிரமித்துப் போனேன். எங்கள் கேட் காவலாளியும் கன்டெய்னரைத் திறந்து பார்ப்பதில்லை. கதவின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். யாரோ எங்கோ எழுதிய ஒரு புரோகிராம், போகிற போக்கில் ஒரே ஒரு எண்ணைச் சொல்கிறது. இன்னொன்று அதை முழுசாக நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. மனிதர்களிடம் இவ்வளவு நாணயத்தை நான் பார்த்ததில்லை.

கோலன் அடித்தேன். பட்டாசுத் திரியில் தீக்குச்சியை வைப்பதுபோல, பதமாக ஷிப்டிலிருந்து விரலை எடுத்தேன். டபிள்யூ சின்னதாகவே விழுந்தது. கமிட் ஏறியது. நாலுக்கு ஏழு நிமிடம் இருக்கையில் லாரி உள்ளே போனது.

பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்த டிரைவரை நிறுத்தி, பரவசம் அடங்காமல் அத்தனையையும் விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

“இம்மாம் படிச்சிட்டு, ஒரு சைபர் வாங்கறதுக்கா காலைலேர்ந்து குந்திகினு இருந்த?”